தராசில் ஏறிய மோட்டார் பில்

மோட்டார் ஓட்டுவது இந்தத் தொழிலில் பாதிதான். பட்டறைக்காரன் கொடுத்த பில்லை முதலாளியிடம் நீட்டிவிட்டு, அவர் அதைப் படித்து முடிக்கிற வரையில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பது மீதிப் பாதி.

பட்டறை வாசலில் நின்று விழித்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது புரியும். ‘இந்தச் சாமான் போயிடுச்சு’ என்பான். போய்விட்டதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. ‘மாத்தலேன்னா வழியில நின்னுடும்’ என்பான். தலையை ஆட்டுவீர்கள். வெளியே வந்ததும் ஏமாந்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் வரும். கொஞ்ச தூரம் வண்டி ஒழுங்காக ஓடினால், பாவம் அவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று இன்னொரு சந்தேகம் வரும். நானும் உங்கள் ஆள்தான்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் நடந்தது. ஈப்போவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய துரைக்கு நான் மோட்டார் ஓட்டினேன். அப்போது எங்களை டிரைவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குதிரைக்காரனுக்கு இருந்த ‘சைஸ்’ என்ற பெயரையே எங்களுக்கும் வைத்திருந்தார்கள். குதிரை போய்விட்டது, பெயர் போகவில்லை. ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தவன் சைஸ் ஆனதால், ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தை விட்டுத் துரை பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டுக்குக் குடி போனேன். என் மனைவி செல்லம்மாவும் மரம் வெட்டப் போவதை நிறுத்தினாள். வேலை போனால் வீடும் போகும். அதனால் பட்டறைப் பில் ஒவ்வொன்றும் எனக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஆள் மாதிரிதான் இருந்தது.

போன சத்தம்

ஒரு நாள் மோட்டாரின் முன்பக்கம் கடகடவென்று சத்தம் போட்டது. துரை ஈப்போவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே ஆ சோங் என்ற சீனருடைய பட்டறைதான் எங்கள் தோட்டத்துக்கு வாடிக்கை. மலாயையும் தமிழையும் ஒன்றாகப் பிசைந்து, முடிவில் ஒரு ‘லா’ சேர்த்துப் பேசுவார். நீளமான திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். கேட்டேன். வெளியே கேட்ட அதே சத்தம் உள்ளே இன்னும் பெரிதாகக் கேட்டது. எனக்கு வேறொன்றும் விளங்கவில்லை. அவரோ, “தெருக் லா, ரொம்ப மோசம்” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

சாயங்காலம் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாகப் பில் இருந்தது. இங்கிலீஷில் எழுதிய பில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழையே எழுத்துக் கூட்டி நிறுத்திக்கொண்டவன் நான். துரைக்குத் தமிழ் தெரியும். ஆட்களை வேலை வாங்குவதற்காகக் கற்ற தமிழ், அதில் மரியாதைச் சொல் ஒன்றும் இருக்காது. பில்லைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பில்லைப் பார்த்தார். “இது நாயமா?” என்று கேட்டார். நான் என்ன சொல்ல? “தொர, சத்தம் போயிடுச்சுங்க” என்றேன். துரை பில்லை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

“சத்தம் போச்சு, சரி. பணம் எதுக்குப் போச்சு, அதச் சொல்லு!”

பாதி விலை

அந்தக் கேள்வி மனசைக் குடைந்துகொண்டே இருந்தது. ஜெலாப்பாங் போகும் வழியில் கருப்பையா என்று நம் ஆள் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டம் கட்டிக்கொண்டிருந்தவர், காலம் மாறியதும் மோட்டார் பக்கம் திரும்பிவிட்டார். அவரிடம் பில்லைப் பற்றிச் சொன்னேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “கொள்ளைலா இது! எங்கிட்ட வந்திருந்தா பாதியில முடிச்சிருப்பேன், மச்சான்” என்றார். நல்ல மனுஷனை இத்தனை நாள் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேனே என்று நினைத்தேன்.

அடுத்த தடவை தீப்பொறி வராமல் மோட்டார் முரண்டு பிடித்தபோது, துரையிடம் சொல்லிக் கருப்பையாவிடமே கொண்டுபோனேன். அவர் கொடுத்த பில்லைப் பார்த்துத் துரையின் காது சிவந்துவிட்டது. ஆ சோங்கிடம் போய், இந்த வேலைக்கு இவ்வளவு ஆகுமா என்று விசாரித்தேன். “அல்லாமா! கொள்ளை லா. நான் செஞ்சா பாதி” என்றார் அவர். நேரே ஜெலாப்பாங்குக்குத் திரும்பிப் போய்க் கருப்பையாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கணக்குப் பாடம் சொல்கிறவர் போலச் சொன்னார்.

“அவன் பில்லுக்கு நான் பாதி, என் பில்லுக்கு அவன் பாதி. ரெண்டையும் சேத்துப் பாரு மச்சான், உனக்கு முழுசா வந்துடும்!”

காப்பிக் காசு

அந்தக் காலத்தில் ஈப்போப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மோட்டார் வந்தாலும், பில்லை எழுதிக் கொடுத்த கையோடு அதை ஓட்டி வந்தவன் கையில் கொஞ்சம் காசை மடித்து வைப்பார்கள். காப்பிக் காசு என்று பெயர். எல்லாச் சைஸும் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. என்னைப் பெரிய யோக்கியன் என்று சொல்லிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. காரணம் வேறு. அந்தக் காசைப் பில்லில் குறைத்துவிட்டால் துரையின் முகம் கொஞ்சம் தெளியும், என் வீடும் நிலைக்கும் என்று கணக்குப் போட்டேன். ஆ சோங்கிடம் அதைச் சொல்லவும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியைத் திறந்து, முன்னால் வைத்ததைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்தார். வேண்டாம் என்றேன். அடுத்த பில் முன்னதைவிடப் பெருத்து வந்தது. காப்பிக் காசு பற்றாமல் நான் கோபித்துக்கொண்டதாக நினைத்து, அதைக் கூட்டி, கூட்டியதைப் பில்லிலும் ஏற்றிவிட்டார். இப்போதும் நான் வாங்கவில்லை. பட்டறை முதலாளியை அங்கே தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். “தவுக்கே, நான்தான் வாங்கலியே, அந்தக் காச ஏன் பில்லுல போடுறே?” என்று சத்தம் போட்டேன். அவருக்கு நிஜமாகவே என் பேச்சு விளங்கவில்லை.

“நீ குடிக்காட்டி நான் என்ன செய்ய? காப்பி கலக்கியாச்சு லா!”

பால் கொட்டகைத் தராசு

இனி பெரிய கிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா, துரைக்கு அடுத்த ஆள் அவர். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை, எழுதினால் கை கூசும். அவருக்கு ஒரு மைத்துனன் உண்டு. மோட்டார் ஓட்டப் பழகிவிட்டு, ஓட்டுவதற்கு மோட்டார் இல்லாமல், அவர் வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்த விவரத்தை நீங்களும் மறக்க வேண்டாம். நான் இன்றுவரை மறக்கவில்லை.

பில்களைப் பார்த்துத் துரை தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது கிராணி ஒரு யோசனை சொன்னார். மாற்றிய பழைய சாமானையெல்லாம் பட்டறையிலிருந்து வாங்கி வந்து ஆபீஸில் காட்ட வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். நானும் ஒரு கோணிப்பையில் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் கொட்டினேன். கறுப்பாக, எண்ணெய் வழிய, வளைந்தது ஒன்று, பல் வைத்தது ஒன்று. துரை குனிந்து பார்த்தார். கிராணி குனிந்து பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். எது எதற்கு ஆகும் என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை. தெரியவில்லை என்று மூன்று பேருமே சொல்லவில்லை. கடைசியில் கிராணி நிமிர்ந்து, “தராசுல வைங்க” என்றார்.

உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. அங்கே மரத்துப் பால் நிறுவை, உறைந்த கட்டிப்பால் நிறுவை, அரிசியும் நிறுவை. ஒருவன் ஒழுங்காக வேலை செய்தானா என்று தெரிய வேண்டுமானால் அவன் கொண்டுவந்ததை நிறுத்துப் பார்ப்பார்கள். பில் பெருத்தால் இரும்பும் கனக்க வேண்டும் என்று கிராணி ஒரு சட்டம் போட்டார். துரை தலையாட்டினார். சொன்னால் என்ன, எனக்கும் அன்றைக்கு அது கொஞ்சம் நியாயமாகத்தான் பட்டது. பால் கொட்டகையில் வாளிகளோடு வரிசையில் நின்ற ஆட்களுக்கு நடுவே கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் நின்ற அஞ்சலை அக்கா பையைத் திறந்து பார்த்தாள். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“ஏண்ணே, ஒங்க மோட்டாரு இன்னிக்கு எத்தனை ராத்தல் பால் குடுத்துச்சு?”

கனத்த பில்கள்

ஆ சோங்கிடம் இந்தச் சட்டத்தைச் சொன்னேன். பழைய சாமான் எடை பற்றாவிட்டால் பில்லுக்குப் பணம் கிடைக்காது என்றேன். அவர் பட்டறைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த குப்பையிலிருந்து ஒரு லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையை இழுத்து வந்து கோணிப்பையில் போட்டார். “தவுக்கே, இது எங்க மோட்டார்ல உள்ளது இல்லியே” என்றேன். “தா அப்பா லா, பரவாயில்ல. ஒங்க கிராணிக்கு இரும்பு வேணும், எனக்கு எடம் வேணும்” என்றார். அதை நான் எடுத்து வெளியே வைத்தேன். அவர் எடுத்து உள்ளே வைத்தார். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு என் மோட்டாருக்குப் பின்னால் அவரே கட்டிவிட்டார்.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கிராணி முகம் மலர்ந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது, “கிராணி ஐயா, இது நம்ம மோட்டார்ல உள்ளது இல்லைங்க” என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு தடவை மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டம் பாதி வந்தது. “ஐயா, இது மாட்டு வண்டியோடதுங்க” என்றேன். பில்லில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டு அவர் சொன்னது இது.

“நீ மோட்டாரு ஓட்டுறவன். மோட்டாருக்குள்ள என்ன இருக்குன்னு ஒனக்கு என்னடா தெரியும்?”

மூக்குத்தி அளவு

ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் இன்னொரு துரையைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பும்போது மோட்டார் இருமத் தொடங்கியது. கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் கிளம்பும், மறுபடி நிற்கும். நடு வெயிலில் துரை உள்ளே, நான் வெளியே. வீடு சேர்வதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. மறுநாள் ஆ சோங்கிடம் விட்டேன். இந்தத் தடவை நான் நகரவில்லை, பக்கத்திலேயே ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பெட்ரோல் தொட்டியைக் கழற்றினார். குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிப் பார்த்தார், இருமியது. மறுபடி கழற்றினார். அடுத்த நாளும் அதே வேலை. கடைசியில், பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற ஒரு சின்னப் பித்தளைச் சாமானைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் ஊசி போகிற ஓட்டை. அது தேய்ந்து அகன்றுவிட்டதாம். புதியது கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வர வேண்டியிருந்தது. போட்டதும் மோட்டார் இருமலை விட்டது. அதற்கு முன் அவ்வளவு நன்றாக ஒரு நாளும் ஓடியதில்லை.

பில் பெரிது. பழைய சாமான் செல்லம்மாவின் மூக்குத்தி அளவு. ஆ சோங் வழக்கம்போல ஒரு இரும்புக் கட்டையைத் தூக்கிவந்தார். வேண்டவே வேண்டாம் என்றேன். இந்த ஒரு வேலையைத்தான் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், இதற்காவது பொய்ச் சாமான் வேண்டாம் என்று நினைத்தேன். பித்தளையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிராணி தராசில் வைத்தார். முள் அசையவில்லை. தட்டைத் தட்டிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. “இத்தனை நாளா இரும்பு வந்துச்சு. இன்னிக்கு இரும்பு எங்க? சீனனும் நீயும் பங்கு போட்டுக்கிட்டீங்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் துரையிடம் ஓடினேன். ரெண்டு நாளும் கூடவே உட்கார்ந்து பார்த்தேன் என்றேன், முன்னால் வந்த இரும்பெல்லாம்தான் பொய் என்றேன். அதைச் சொன்னதுதான் தப்பாய்ப் போயிற்று. பொய் என்று தெரிந்தே அத்தனை பில்லையும் கொண்டுவந்தாயா என்று கிராணி பிடித்துக்கொண்டார். கிராணியிடம் அப்போதே சொன்னேன் என்றேன். அப்படி எதையும் தன் காதால் கேட்டதில்லை என்று அவர் சாமி மேல் சத்தியம் செய்தார். துரைக்கும் குழப்பம். மோட்டாரைத் தோட்டத்தைச் சுற்றி ஒரு தடவை தாமே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இறங்கினார்.

“வண்டி ஓடுது. முள்ளு ஓடலையே!”

செல்லம்மா சொன்னது

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, மைத்துனன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு துரையின் மோட்டார் பக்கத்தில் நின்றான். எனக்கு மறுபடி லயத்தில் இடமும் மரமும் கொடுப்பதாகச் சொன்னார்கள். ‘பங்கு போட்டவன்’ என்ற பெயரோடு அந்த வரிசையில் நிற்க எனக்கு மனசு வரவில்லை. ஈப்போவுக்கே போய்விடலாம் என்றேன். செல்லம்மா பாத்திரங்களை மூட்டை கட்டினாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். நான் சொன்னது நிஜம், அந்தப் பில் நிஜம், சாமான் நிஜம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசி மூட்டையை முடிந்துவிட்டு அவள் வாயைத் திறந்தாள்.

“நிஜமாவே இருக்கட்டுங்க. அந்தக் கட்டையையும் கூடத் தூக்கிட்டு வந்திருந்தா, நிஜத்துக்கு என்ன கொறஞ்சிருக்கும்?”



புதுச் சைஸ்

ஈப்போவில் சிலிபின் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு, இன்னொருவருடைய வாடகை மோட்டாரை ஓட்டினேன். அதுவும் ஆ சோங் பட்டறைக்குத்தான் போகும். அங்கே ஒரு நாள் மைத்துனனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காதது போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, துரையின் மோட்டாருக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்புச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் போன பிறகு, என் வயிற்றெரிச்சல் அடங்காமல், இவன் ஆள் எப்படி என்று கேட்டேன். ஆ சோங் மனசாரச் சொன்னார்.

“ரொம்ப நல்லவன் லா. இரும்ப நான் தூக்க வேணாம், அவனே தூக்குறான். காப்பியும் குடிக்கிறான்.”

சொந்த வண்டி

சில வருஷம் பொறுத்துக் கையில் இருந்ததையும் கடனையும் சேர்த்து ஒரு பழைய மோட்டாரை நானே வாங்கினேன். இனி எந்தத் துரையிடமும் பில்லை நீட்டிவிட்டு நிற்க வேண்டாம், நானே துரை, நானே கிராணி என்று சந்தோஷப்பட்டேன். வாங்கிய சில நாளிலேயே அது இருமியது. எந்த நோய் என்று எனக்குத் தெரியும். ஆ சோங்கிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை தேடவே இல்லை. நேரே அந்தப் பித்தளைச் சாமானைக் கழற்றினார், கையிருப்பில் இருந்த புதியதைப் போட்டார், ஒரு காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டார். துரைக்குக் கொடுத்த அதே பில்லை எனக்கும் நீட்டினார்.

எனக்கு வந்த கோபத்தில், “அநியாயம்! தேடாத வேலைக்குத் தேடின காசா?” என்று கத்தினேன். பட்டறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தி முடித்ததும் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இதே பில்தானே நியாயம் என்று சொல்லித் துரை முன்னால் நின்றேன்? இதற்காகத்தானே வீட்டை விட்டேன், பெயரை விட்டேன்? இது அநியாயம் என்றால் கிராணி சொன்னது சரி என்று ஆகிவிடாதா? அது மட்டும் ஆகக் கூடாது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தவுக்கே, உண்மையச் சொல்லு. அன்னிக்குத் தொரைக்குக் குடுத்த பில்லு நாயமா, இல்லியா?” என்று கேட்டேன். ஆ சோங் நெற்றியைச் சுருக்கி, நான் எதைக் கேட்கிறேன் என்று ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிறவர் போலத் தோளில் எண்ணெய்க் கையை வைத்தார்.

“தொர வண்டின்னா அது நாயம் லா. உன் வண்டின்னா அநியாயம்தான். என்ன செய்ய, சாமான் ஒண்ணுதானே!”

அந்தப் பில்லைக் கொடுத்துத்தான் தீர்த்தேன், அது நியாயமா இல்லையா என்று உங்களைப் போலவே எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் அந்தக் கிராணி செய்தது அநியாயம் என்பதில் மட்டும் எனக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.